அம்பாசடருக்கு மின்விசிறி: மாட்டும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்

வாகனம், டிராக்டர், பம்ப்செட்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ''நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிறேன். பண்ருட்டி பக்கம் 3 ஏக்கரில் பலாவும் முந்திரியும் இருக்கிறது. என் அப்பா வாங்கிய 1.5 லிட்டர் டீசல் அம்பாசடரைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். சீசனில் பலா ஏற்றுவதும், மாதம் ஒருமுறை அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போவதும் அதில்தான். முன்பெல்லாம் ரயில்வே கேட்டில் நின்றால் மட்டும் சூடு ஏறும். இரண்டு மாதமாக ரோட்டில் ஓடும்போதும் மீட்டர் முள் மேலே போகிறது. போன முறை அம்மாவை வைத்துக்கொண்டு வழியில் அரை மணி நேரம் நிற்க வேண்டியதாகிவிட்டது. 'என்ஜின் விசிறியைக் கழற்றிவிட்டு மாருதியில் வருகிற மின்விசிறியை மாட்டிவிடலாம். 6,500 ரூபாய் ஆகும். சூடும் தணியும், லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடவும் கிடைக்கும்' என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?''

- வாசகர், நெய்வேலி.

பதில்: மாட்டலாம். ஆனால், இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் 'ஓடும்போதும்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு சொல்தான் முக்கியமாகப் படுகிறது.

வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றைக் கொடுப்பது விசிறி மட்டும்தான். 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே போதும். விசிறிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆகவே, நின்றால் சூடாகி, ஓடினால் தணியும் வண்டிக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். அதற்கு மின்விசிறி நல்ல மருந்து. ஓடும்போதே சூடாகிற வண்டிக்குக் காற்றில் குறை இல்லை. தண்ணீரிலோ, ரேடியேட்டரிலோ, என்ஜினிலோ குறை இருக்கிறது. அங்கே எந்த விசிறியை மாட்டினாலும் பயன் இல்லை.

நெய்வேலிக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். அனல்மின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்களைத் தினமும் பார்க்கிறீர்கள். உள்ளே இருக்கும் வெப்பத்தைத் தண்ணீர் சுமந்து வருகிறது. காற்று அதை வாங்கிக்கொண்டு போகிறது. சுமந்து வருகிற தண்ணீர் குறைந்தால், காற்று எவ்வளவு இருந்தும் வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. காரில் நடப்பதும் இதேதான். வாட்டர் பம்ப் தண்ணீரைச் சுற்ற வேண்டும், ரேடியேட்டர் குழாய்கள் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விசிறியின் முறை வரும்.

முதலில் பார்க்க வேண்டியவை

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காலையில் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 என்று போட்ட மூடி இருந்தால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 118 டிகிரியில்தான் கொதிக்கும். 110 டிகிரியில் கொதிக்காமல் அமைதியாக இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

1. மூடி: ரப்பர் வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும். முதலில் மாற்ற வேண்டிய பொருள் இதுதான், செலவும் குறைவு. உங்கள் வண்டிக்கு உரிய அழுத்த அளவுள்ள மூடியையே வாங்குங்கள். அதிக அளவு போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

2. ஃபேன் பெல்ட்: அம்பாசடரில் ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்ப், விசிறி, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் சுற்றுகிறது. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் அமுங்கினால் வழுக்குகிறது. சூடு ஏறும்போது சார்ஜ் விளக்கும் மினுக்கினால் சந்தேகமே வேண்டாம், பெல்ட்தான்.

3. வெளி அடைப்பு: மந்தாரக்குப்பம், நெய்வேலி பக்கம் ஓடும் வண்டிகளின் ரேடியேட்டரில் மண்ணும் கரித்தூசியும் சேர்வது சகஜம். எண்ணெய்க் கசிவு இருந்தால் அதோடு சேர்ந்து களிம்பாகிவிடும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் தூசி இன்னும் உள்ளே போகும். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள். பிரஷர் அதிகம் வைத்தால் தகடுகள் மடங்கிவிடும், கவனம்.

4. உள் அடைப்பு: உங்கள் வண்டியில் எனக்கு அதிக சந்தேகம் இங்கேதான். பல ஆண்டுகள் போர் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால், டீக்கெட்டிலில் படிவதைப் போல ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்பு படிந்திருக்கும். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் பல இடங்களில் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைந்தால் சரி. நடுநடுவே குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. பழைய வண்டிகளில் வருவது செம்பு, பித்தளை ரேடியேட்டர். ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, குழாய்க்குள் ராடு விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் பற்றவைத்துத் தருவார்கள்.

5. தெர்மோஸ்டாட்: மூடிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால், ஓடும்போதும் சூடு ஏறும். கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அது நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். 'அது இல்லாமலே ஓட்டலாம்' என்று சிலர் கழற்றி எறிந்துவிடுவார்கள். டீசல் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசலும் கூடும், தேய்மானமும் கூடும்.

6. ஹெட் கேஸ்கட்: வெளியே கசிவு இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? மூடியைத் திறந்துவைத்து, ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழி விடாமல் வருகிறதா? டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? இதில் எது இருந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்த நிலையில் மின்விசிறிக்குக் கொடுக்கும் 6,500 ரூபாய் வீண்தான்.

மைலேஜ் கூடுமா?

மெக்கானிக் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. என்ஜின் விசிறி, என்ஜின் வேகத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. விசிறியின் வேகம் மூன்று மடங்கானால் காற்று மூன்று மடங்காகும். ஆனால், அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி 27 மடங்காகும். அதுவும், காற்று தேவைப்படாத நெடுஞ்சாலையில்தான் அவ்வளவையும் தின்கிறது. காற்று தேவைப்படும் ரயில்வே கேட்டில் மெதுவாகச் சுற்றுகிறது. மின்விசிறி இதைத் தலைகீழாக்குகிறது. வேண்டியபோது முழு வேகம், வேண்டாதபோது ஓய்வு. மாருதி 800-ல் என்ஜினைக் குறுக்கே வைத்திருப்பதால், அதன் கப்பி முன்பக்கத்தைப் பார்க்காது. அதனால், மின்விசிறி அங்கே முதலிலிருந்தே வந்தது. அம்பாசடரில் என்ஜின் நீளவாக்கில் இருப்பதால், பெல்ட் விசிறியே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால், மின்விசிறிக்கான கரன்ட்டும் டீசலிலிருந்துதான் வருகிறது. வேகமாக ஓட்டாத அம்பாசடரில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். லிட்டருக்கு 2 கிலோமீட்டர் என்பதை நம்பி மாட்டாதீர்கள். நிற்கும்போது சூடு ஏறாது, என்ஜின் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வரும், இரைச்சல் குறையும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் கடக்கும்போது விசிறியை நிறுத்தி வைக்கலாம். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கடைசி வசதியின் அருமை தெரியும்.

மாட்டுவதென்றால் எப்படி?

ரேடியேட்டரைச் சரிசெய்து, ஓடும்போது முள் ஒழுங்காக நின்று, கேட்டில் மட்டும் சூடு ஏறுகிறது என்றால் தாராளமாக மாட்டுங்கள். அப்போது கவனிக்க வேண்டியவை:

கரன்ட் கணக்கு: சிறிய கார் விசிறி 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், பெரியது 20-ஐத் தொடும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர் என்று வையுங்கள். பழைய டைனமோ மொத்தமே 20 ஆம்பியரைச் சுற்றித்தான் தரும். ஐட்லிங்கில் அதுவும் வராது. இரவில் கேட்டில் நின்றால் பேட்டரிதான் காலியாகும். டைனமோ வண்டியாக இருந்தால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். அந்தச் செலவு மெக்கானிக் சொன்ன 6,500-ல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரிலே: நான் முதன்முதலில் ஒரு ஜீப்புக்கு மின்விசிறி மாட்டியபோது ரிலே இல்லாமல் சாவி ஸ்விட்ச் வழியாகவே கரன்ட் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஸ்விட்ச் உருகி, வண்டி நடுவழியில் நின்றது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30-ம் எண் முனைக்கு, 87-லிருந்து விசிறிக்கு. சாவியும் சூட்டு ஸ்விட்ச்சும் 85, 86 முனைகளை மட்டும் இயக்கட்டும். 10 ஆம்பியர் விசிறிக்கு 20 ஆம்பியர் ஃப்யூஸும் 4 சதுர மி.மீ. வயரும் போட்டால் பயமில்லை.

சூட்டு ஸ்விட்ச்: தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகுதான் விசிறி ஓட வேண்டும். 92 டிகிரியில் ஓடி, 87-ல் நிற்கிற ஸ்விட்ச் பொருத்தமாக இருக்கும். அது பழுதானால் கையால் போடுவதற்கு டேஷ்போர்டில் ஒரு தனி ஸ்விட்ச்சும், விசிறி ஓடுவதைக் காட்டும் சின்ன விளக்கும் வையுங்கள்.

பொருத்துதல்: என்ஜின் பக்கம் வைத்துக் காற்றை இழுக்கும்படி, சுற்றிலும் தகரக் கூண்டு போட்டு மாட்டுவதே சிறந்தது. ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கயிறு விட்டுக் கட்டினால், அதிர்ச்சியில் குழாய் தேய்ந்து ஓட்டையாகும். ஆங்கிள் சட்டம் அடித்து, ரப்பர் வைத்து மாட்டச் சொல்லுங்கள். ஓடவிட்டு ஒரு காகிதத்தை கிரில் முன்னால் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

போல்ட்: பழைய விசிறியைக் கழற்றினால், அதே நீள போல்ட்டைப் போட்டுக் கப்பியை முடுக்கக் கூடாது. நீளமான போல்ட் பின்னால் போய் வாட்டர் பம்ப்பில் இடிக்கும். குட்டை போல்ட் அல்லது வாஷர் தேவை. விசிறி போனாலும் பெல்ட் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கழற்றிய விசிறியை எடைக்குப் போடாமல் டிக்கியில் வையுங்கள். வழியில் மோட்டார் எரிந்தால் அதுதான் உங்களை வீடு சேர்க்கும்.

கேள்வி: ''ரொட்டவேட்டர் ஓட்டும்போது என் 45 ஹெச்.பி. டிராக்டர் சூடாகிறது. இதற்கும் மின்விசிறி மாட்டலாமா?''

- வாசகர், காட்டுமன்னார்கோவில்.

பதில்: வேண்டாம். கார் ஓடும்போது எதிர்க்காற்று கிடைக்கிறது. டிராக்டர் முழு பாரத்தோடு நடை வேகத்தில் போகிறது. அதற்கு விசிறி ஒன்றுதான் காற்று. அவ்வளவு காற்றுக்கு ஒரு கிலோவாட் விசிறி வேண்டும் என்று வைத்தாலும், 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டிராக்டர் ஆல்டர்னேட்டரால் அது முடியாது. ரேடியேட்டர் முன்னால் உள்ள வலையில் பதரும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். பெல்ட்டைப் பாருங்கள். அண்மையில் விசிறியைக் கழற்றி மாட்டியிருந்தால், திருப்பி மாட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள். நான் நிறைய பார்த்த தவறு இது.

நெய்வேலி வாசகருக்கு இன்னொரு வார்த்தை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்த பிறகு போர் தண்ணீரை மறந்துவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். பலா ஏற்றிக்கொண்டு பண்ருட்டிக்கு இரண்டு நடை போய் வாருங்கள். முள் நடுவிலேயே நின்றால், அதற்குப் பிறகு அம்மாவை அழைத்துப் போங்கள். அதுவரை ஜிப்மர் பயணத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி அனுப்பும் வாசகர்கள், வண்டியின் மாடலோடு, 'நின்றால் சூடாகிறதா, ஓடினால் சூடாகிறதா, தண்ணீர் குறைகிறதா' என்பதையும் எழுதுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.