கையெழுத்து மேலே, கோப்பு நம்மிடம்

மாலையில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தபோது, என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: "நாம வெறும் கிளார்க்கு சார். மேல சொன்னத எழுதினோம். பாவமெல்லாம் கையெழுத்து போட்டவனுக்குத்தான்."

நானும் ஒரு காலத்தில் இப்படிச் சொன்னவன்தான். இனி சொல்ல மாட்டேன். ஒரு போலந்துப் பெண்தான் காரணம்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் விமானி என்றால் மெர்மோஸ், செந்த் எக்சுபெரி. யனினா லெவாண்டோவ்ஸ்காவின் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. 1908-இல் பிறந்தவர், தளபதியின் மகள். கிளைடரும் விமானமும் ஓட்டியவர். 5 கிலோமீட்டருக்கும் மேலிருந்து பாராசூட்டில் குதித்த முதல் ஐரோப்பியப் பெண் என்று பெயர் பெற்றவர். 1939 செப்டம்பரில் சோவியத் படையிடம் சிக்கினார். 1940 ஏப்ரலில் கட்டின் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஜூனில் அவர் தங்கையை ஜெர்மானியர் சுட்டார்கள்.

அந்தக் கொலைகள் ஆவேசத்தில் நடந்தவை அல்ல, கோப்பில் நடந்தவை. 1940 மார்ச்சில் பெரியா குறிப்பு வைத்தார். ஸ்டாலின், வொரோஷிலோவ், மொலோடோவ், மிகோயான் கையெழுத்திட்டார்கள். காலினின், ககனோவிச் 'ஆதரவு' என்று ஓரத்தில் எழுதப்பட்டது. பிறகு பெயர்ப் பட்டியல்கள். அவற்றைத் தட்டச்சு செய்தது யார்? நம்மைப் போன்ற ஒரு கிளார்க்குதான்.

1959-இல் இன்னொரு குறிப்பு. 21,857 பேரைச் சுட்டதைக் கணக்குக் காட்டி, அவர்களுடைய கோப்புகளை அழித்துவிடலாம் என்றது. பழியையோ ஜெர்மானியர் மேல் போட்டு, 1990 வரை மறுத்தார்கள்.

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் சில பேராசிரியர்கள், கட்டினிலிருந்து வந்த மண்டையோடுகளைப் பல பத்தாண்டுகள் ஒளித்துக் காத்தார்கள். அதில் ஒன்று யனினாவுடையது என்று 2005-இல் தெரிந்தது. அவர்களும் சம்பளம் வாங்கியவர்கள்தான்.

"மறுத்திருந்தால் அந்தக் கிளார்க்கின் உயிர் போயிருக்குமே" என்பீர்கள். உண்மை. அவனை மன்னிக்கலாம். ஆனால் நமக்கு என்ன போயிருக்கும்? ஏனாமுக்கு மாற்றல் வந்திருக்கும், அவ்வளவுதானே!

ஒரு விதவையின் ஓய்வூதியக் கோப்பில், விதியில் இடமிருப்பது தெரிந்தே, 'இடமில்லை' என்று நோட்டு போட்டவன் நான். மேலே சொன்னார்கள், உண்மைதான். எழுதியது என் பேனா.

நண்பரே, கையெழுத்து யாருடையதாகவும் இருக்கட்டும். அந்த நோட்டை எழுதியவன் நான்தான்.