ஜெரி ஆடி எவ்வளவோ காலம்

“பழைய டொம் அன்ட் ஜெரியைக் கெடுத்துப்போட்டாங்கள்.” 2021இல் ரிம் ஸ்ரோறியின் படம் வந்த நாளிலிருந்து இந்த ஒரே வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன பள்ளி விடுமுறையில் தண்ணீரூற்று வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, தேத்தண்ணியும் கையுமாக வந்த நண்பர் அதையே திருப்பிச் சொன்னார். டொம் விழும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். அவர்களுக்கு விமர்சனம் தெரியாது, பாவம்.

நிஜ மனிதர்களுக்கு நடுவில் கார்ட்டூனைக் கொண்டுபோய் விட்டது துரோகமாம். ஆர் செய்த துரோகம், ஐயா? 1940இல் அந்தப் பூனையையும் எலியையும் பெற்றவர்கள் வில்லியம் ஹனாவும் ஜோசப் பார்பெராவும். ஐந்தே வருசத்தில், ‘ஆங்கர்ஸ் அவே’ படத்தில், ஜீன் கெலியோடு ஜெரியை ஆடவிட்டவர்களும் அவர்களேதான். ஆடத் தெரியாத எலி ராசா, கெலி சொல்லிக்கொடுக்கக் கொடுக்க ஆடப் பழகுகிறார். பளபளக்கும் தரையில் கெலியின் பிம்பம் விழுகிறது. எலியின் பிம்பம் விழாவிட்டால் பொய் தெரிந்துவிடுமென்று அதையும் கையால் கீறினார்கள். 1953இல் எஸ்தர் வில்லியம்சோடு இரண்டையும் தண்ணிக்குள் நீந்தவும் விட்டார்கள். தூய்மைவாதிகள் இதையெல்லாம் பார்க்கவில்லையா, பார்த்தும் மறந்தார்களா?

1992 படம் இரண்டையும் வாயாட வைத்தது. 2021 படம் அந்தப் பேச்சை நிறுத்தி, பழைய ஒலிப்பதிவிலிருந்த ஹனாவின் அலறலை டொம்முக்குத் திருப்பிக் கொடுத்தது. அதைப் பற்றி ஒரு மூச்சு?

மனிதர்களின் கதை சப்பென்று இருக்கிறதாம். இருக்கட்டும். படத்தில் வரும் கலியாணத்துக்கு யானை எதற்காம்? வயலுக்குள் யானை வந்தால் யானைவெடி கொளுத்துகிற எங்களிடமா இதைக் கேட்பது?

கடைசியாக, “எங்கட சின்ன வயசைக் கெடுத்துப்போட்டாங்கள்.” எந்தச் சின்ன வயசு? தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். எப்போதாவது ஒரு முற்றத்தில் ஜெனரேற்றர் இரையும். மண்ணெண்ணெய் தீருமுன் டொம் கொஞ்ச நேரம் வந்தால் அதிர்ஷ்டம். பேச்சில்லாத படம், இரைச்சலில் எதுவும் தவறவில்லை.

இந்த நண்பரும் அந்த முற்றத்தில் என் பக்கத்தில் இருந்தவர்தான். அன்று நாங்கள் பார்த்தது ஆர் செய்த டொம் என்று கேட்டேன். ஹனா, பார்பெராவா? பிராக் நகரத்திலிருந்து ஜீன் டைச் செய்ததா? சக் ஜோன்சா?

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

“பிள்ளையள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ.”