விபத்து நடந்த ராட்சத வண்டி மறுபடியும் ஓடலாமா?

வண்டியில் 16 பேர் இருந்தார்கள். ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுவிட்டது. நிமிடங்கள் கழிந்தன. வண்டி நகரவில்லை.

பிறகு நகர்ந்தது. மேலே போயிற்று. கீழே பாய்ந்தது. அப்போதுதான் முன் வரிசையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அதே தண்டவாளத்தில், எதிரே, ஒரு காலி வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது!

கத்தினார்கள். கத்தி என்ன பயன்? எழுந்து குதிக்க முடியாது. இருக்கையோடு சேர்த்து இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கிறது. பிரேக் போட டிரைவரும் கிடையாது.

"டமார்!"

இது நடந்தது 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி. இடம், இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுஷயர் என்ற மாவட்டத்தில் உள்ள "ஆல்டன் டவர்ஸ்" உல்லாசப் பூங்கா. ஒரு காலத்தில் பிரபு வம்சத்தாரின் மாளிகையாக இருந்த இடம் அது.

யாரும் சாகவில்லை. ஆனால் ஐந்து பேருக்குப் படுகாயம். இளம் பெண்கள் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு கால் போய்விட்டது. அந்த மோதல் எவ்வளவு கடுமையானது என்று பின்னால் கோர்ட்டில் சொன்னார்கள். ஒன்றரை டன் கார் மணிக்கு 90 மைல் வேகத்தில் போய் முட்டினால் எப்படியோ, அப்படி!

அந்த வண்டிக்கு வைத்திருந்த பெயரைக் கேளுங்கள்: "ஸ்மைலர்". அதாவது, புன்னகைப்பவன்.

இப்படி மனிதர்களை நசுக்கிய ஒரு வண்டியை மறுபடியும் ஓட்டலாமா? உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாமா? இங்கிலாந்தில் பலர் அன்று கேட்ட கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லுமுன், அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ஜின் இல்லாத ரயில்

ரோலர் கோஸ்டர் என்பது ஒரு ரயில் மாதிரி. ஆனால் அதில் என்ஜின் இல்லை. சங்கிலி போட்டு வண்டியை உயரத்துக்கு இழுப்பார்கள். உச்சியில் விட்டுவிடுவார்கள். மற்றதெல்லாம் தன் எடையாலேயே நடக்கும். மேட்டிலிருந்து உருட்டிவிட்ட கல் மாதிரி வண்டி பாய்ந்து, வளைந்து, சுழன்று ஓடும். ஸ்மைலர் 14 தடவை ஆட்களைத் தலைகீழாகக் கவிழ்க்கும். 2013-ல் அது ஓடத் தொடங்கியபோது உலகத்தில் வேறு எந்த வண்டியும் அத்தனை தடவை கவிழ்த்ததில்லை. செலவு 1 கோடியே 80 லட்சம் பவுன்.

என்ஜின் இல்லாததில் ஒரு சங்கடம் உண்டு. எதிர்க்காற்று பலமாக அடித்தால் வண்டியின் வேகம் குறையும். காலி வண்டி எடை குறைந்தது. அதற்கு இன்னும் கஷ்டம். அடுத்த வளைவில் ஏறமுடியாமல் பள்ளத்திலேயே நின்றுவிடும்.

ஒரே பாதையில் பல வண்டிகள் ஓடுகின்றனவே, மோதாதா? மோதக்கூடாது என்பதற்காகத்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. ரெயில்வேயில் கைகாட்டி இருக்கிறது அல்லவா? முன்னால் போன வண்டி ஸ்டேஷனைத் தாண்டும் வரை பின்னால் வரும் வண்டிக்குக் கைகாட்டி இறங்காது. இதுவும் அதே ஏற்பாடுதான். பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன் துண்டு காலியாகாவிட்டால் கம்ப்யூட்டர் பின் வண்டியை நிறுத்திவிடும்.

அன்று கம்ப்யூட்டர் நிறுத்தியதா? நிறுத்தியது! ஏற்றத்தில் அந்த 16 பேரும் காத்துக்கிடந்தது அதனால்தான்.

இயந்திரம் சொன்னது, மனிதர் கேட்கவில்லை

அன்று ஸ்மைலரில் ஏதோ கோளாறு. என்ஜினீயர்கள் வந்தார்கள். சரிபார்க்க ஒரு காலி வண்டியை அனுப்பினார்கள். பூங்காவில் கூட்டம் இருந்ததால் ஐந்தாவது வண்டி ஒன்றையும் பாதையில் சேர்த்திருந்தார்கள். எத்தனை வண்டி ஓடுகிறது என்பதிலேயே குழப்பம் வந்துவிட்டது.

காற்றும் பலமாக அடித்தது. மணிக்கு 34 மைலுக்கு மேல் காற்று அடித்தால் வண்டியை ஓட்டக்கூடாது என்பது அதைச் செய்த கம்பெனியின் விதி. அன்று 45 மைல் வரை காற்று வீசியது என்று பின்னால் கணக்கிட்டார்கள். அனுப்பிய காலி வண்டி திரும்பி வரவில்லை. பள்ளத்தில் நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துப் பின் வண்டியை நிறுத்தியது. என்ஜினீயர்களோ கம்ப்யூட்டர்தான் தவறு செய்கிறது என்று நினைத்தார்கள். பாதையை நடந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் தடையை நீக்கி வண்டியை அனுப்பிவிட்டார்கள்.

மோதிய பிறகு நடந்ததும் லேசான விஷயம் அல்ல. ஆம்புலன்சுக்குப் போன் செய்யவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அடிபட்டவர்கள் சுமார் 20 அடி உயரத்தில், சாய்ந்த நிலையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஏறிப்போகச் சரியான வழி இல்லை. எல்லாரையும் கீழே இறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நசுங்கிய காலோடு நான்கு மணி நேரம்!

உடைத்துப்போட்ட வண்டிகள்

விபத்து நடந்த வண்டியை உடைப்பது புதிய வழக்கம் அல்ல.

1972 மே 30-ந் தேதி லண்டன் பாட்டர்சி பூங்காவில் "பிக் டிப்பர்" என்ற வண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, இழுத்துச் சென்ற கயிற்றிலிருந்து கழன்றுவிட்டது. பின்னால் சறுக்காமல் தடுக்க வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த வண்டி பிறகு ஓடவே இல்லை. இரண்டு வருடத்தில் அந்த வேடிக்கைத் திடலையே மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் 168 அடி உயரத்தில் ஒரு நீர்ச்சறுக்கு கட்டினார்கள். அதன் பெயர் "வெருக்ட்". ஜெர்மன் மொழியில் "பைத்தியம்" என்று அர்த்தம். (பெயர் வைப்பவர்களுக்கு வேறு வார்த்தையே அகப்படாதோ!) 2016-ல் 10 வயதுச் சிறுவன் ஒருவன் அதில் இறந்தான். 2018-ல் அதை இடித்துவிட்டார்கள். அமெரிக்காவிலேயே ஆர்லண்டோ நகரில், உயரத்திலிருந்து இருக்கைகளைத் தடாலென்று கீழே விடும் ஒரு கோபுரம் இருந்தது. 2022-ல் ஒரு சிறுவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். மறு வருடம் அந்தக் கோபுரமும் போயிற்று.

அவற்றை இடித்தது சரி. பிக் டிப்பரில் கருவியே கைவிட்டது. வெருக்டின் அமைப்பே ஆபத்தானது. ஆர்லண்டோவில் இரண்டு இருக்கைகளின் பாதுகாப்புக் கருவியையே மாற்றி, அதிக இடைவெளி விட்டாலும் வண்டி கிளம்பும்படி செய்திருந்தார்கள்.

ஸ்மைலர் விஷயம் வேறு. நிற்க வேண்டிய நேரத்தில் அது நின்றது. அதை உடைத்தால் இரும்புக்குத்தான் தண்டனை. ஆகவே மறுபடியும் ஓட்டியது தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

"ரயில் விபத்து நடந்தால் தண்டவாளத்தைப் பெயர்த்துவிடுகிறோமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இது பொருந்தாத பேச்சு. ரயிலில் பிழைப்புக்காகப் போகிறோம். போகாமல் முடியாது. இது விளையாட்டு வண்டி. பயப்படுவதற்கென்றே பணம் கொடுத்து ஏறுகிறார்கள். அந்தப் பயம் பொய், ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில்தான் தாயும் தகப்பனும் பிள்ளையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு தடவை பொய்த்துவிட்டால், திரும்பக் கேட்பவர் முதலில் உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும்.

சொன்னார்களா?

தேதியைக் கவனியுங்கள்!

பூங்காவை நடத்துவது "மெர்லின்" என்ற பெரிய கம்பெனி. 2015 நவம்பரில் அந்தக் கம்பெனி தன் விசாரணை முடிவை வெளியிட்டது. வண்டியில் கோளாறு இல்லை, மனிதத் தவறுதான் காரணம் என்றது. அதற்குள் கூட்டம் குறைந்துவிட்டது. பூங்காவில் சுமார் 190 பேருக்கு வேலை போகலாம் என்ற அறிவிப்பும் வந்திருந்தது. விபத்தில் சம்பந்தமே இல்லாத ஏழைத் தொழிலாளிகள் அவர்கள். வண்டி ஓட வேண்டும் என்று அவர்கள் விரும்பியதில் நியாயம் உண்டு.

2016 மார்ச் 19-ந் தேதி ஸ்மைலர் மறுபடியும் ஓடியது.

அடுத்த மாதம் கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 27-ந் தேதி ஸ்டாபோர்டு கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. அபராதம் 50 லட்சம் பவுன்! குற்றத்தை ஒப்புக்கொண்டதால் குறைக்கப்பட்ட தொகை இது. குறைக்காவிட்டால் 75 லட்சம்.

அந்த வழக்கில் வெளிவந்தது என்ன? தனி ஆட்கள் மீது பழி இல்லை, நடத்தியவர்கள் மீதுதான் என்பது. வண்டி ஓடும்போதே என்ஜினீயர்கள் பத்திரமாக வேலை செய்வதற்கு ஒழுங்கான முறை இல்லை. ஆபத்தை முன்கூட்டி எடைபோடவில்லை. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று நீதிபதி கண்டித்தார்.

ஆக, மார்ச் மாதம் வரிசையில் நின்று ஏறியவர்கள் கேட்டிருந்தது கம்பெனி சொன்ன கதையை. "யாரோ இரண்டு பேர் கைத்தவறு செய்தார்கள்" என்பது போன்ற கதை. கோர்ட்டு சொன்னதைக் கேட்டுவிட்டு ஏற அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. ஆறு மாதம் முந்திவிட்டார்கள். வண்டியை ஓட்டியதில் அல்ல, தீர்ப்புக்குக் காத்திராமல் ஓட்டியதில்தான் எனக்கு வருத்தம். ஒன்பது மாதம் சும்மா இருந்த வண்டி இன்னும் ஆறு மாதம் இருந்தால் துரு ஏறிவிடுமா?

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தார்கள். கம்ப்யூட்டர் வண்டியை நிறுத்திவிட்டால், கீழே வேலை செய்பவர்கள் தாங்களாகவே தடையை நீக்கி அனுப்ப முடியாது. பொறுப்புள்ள மேலதிகாரி வந்து அனுமதி கொடுக்க வேண்டும். அதுவரை ஏற்றத்தில் இருப்பவர்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். கீழே வரிசையில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.