பகடை உருட்டியதெல்லாம் கதையாகிவிடாது

வாரக் கடைசியில் நான்கைந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, டிராகனைக் கொன்று, நடுராத்திரி தாண்டி எழுந்திருக்கும்போது அதில் ஒருவர் கட்டாயம் ஒரு வசனம் சொல்வார். "இதை அப்படியே நாவலா எழுதினா பிச்சிக்கிட்டுப் போகும்டா!" இந்த வசனத்தை நம்பி வீணான ராத்திரிகளும் காகிதமும் எக்கச்சக்கம். இதே வசனத்தைக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, கால்குலேட்டர் சகிதம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிப்பாளர்கள் என்று பெயர் :-)

இருவரும் செய்வது ஒரே தப்பு. "அப்படியே" என்கிற அந்த ஒற்றை வார்த்தை.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காய் நகர்த்தி ஜெயிக்கிற ஆட்டம் இல்லை இது. ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். 'டன்ஜன் மாஸ்டர்' என்பவர் மட்டும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, "கதவைத் திறந்தால் இருட்டு. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். வாயால் சொல்வதுதான் ஆட்டம். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

அந்த டன்ஜன் மாஸ்டருக்கு உதவியாகக் கடையில் விற்கும் புத்தகம்தான் 'மாட்யூல்'. ஒரு வரைபடம், ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண், எந்த அறையில் என்ன பூதம், எத்தனை பொற்காசு, எங்கே பொறி என்ற விவரம். ஆட்டக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்கென்று அங்கங்கே கட்டம் கட்டிய பத்திகள். பார்ப்பதற்குக் கதைப் புத்தகம் மாதிரியே இருக்கும். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாட்யூல் ஒரு கதை கிடையாது. கதை நடக்கக்கூடிய ஒரு இடம், அவ்வளவுதான். 17-ம் எண் அறையில் ஒரு அரக்கன் வாளோடு காத்திருக்கலாம். ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கமே போகாமல் ஊர் திரும்பிவிடலாம். "இப்படிச் செய்தால் இது, அப்படிச் செய்தால் அது" என்று முழுக்க முழுக்க 'செய்தால்'களை வைத்துக் கட்டிய புத்தகம் அது. நாவலில் 'செய்தால்' கிடையாது. ஒருத்தன் செய்தான், அதற்கான விலையைக் கொடுத்தான். பட்ஜெட்டும் வரவு செலவுக் கணக்கும் ஒன்றுதான் என்று எழுதுகிற பி.காம். மாணவனுக்கு எந்த வாத்தியாரும் பாஸ் போட மாட்டார். பதிப்புலகத்தில் மட்டும் அந்த மாணவனுக்கு எடிட்டர் வேலையே கிடைக்கும் போலிருக்கிறது.

செத்தால் சிரிப்பு

'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்றொரு பிரபலமான மாட்யூல். 1975-ல் ஒரு போட்டிக்காக கைகாக்ஸ் உருவாக்கியது, 1978-ல் அச்சானது. ஒரு கல்லறை, அது முழுக்கப் பொறிகள். அதில் சுவரில் செதுக்கிய ஒரு பச்சைப் பிசாசு முகம் உண்டு. வாயைப் பிளந்து வைத்திருக்கும், உள்ளே கும்மிருட்டு. ஏதோ குறுக்குவழி என்று நினைத்து அதற்குள் நுழைந்தால் ஆள் காலி. எலும்புகூட மிஞ்சாது.

மேசையில் இது நடந்தால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். செத்தவர் தலையில் அடித்துக்கொண்டு புதுத் தாளை எடுத்து அடுத்த கதாபாத்திரத்தை எழுத ஆரம்பிப்பார். பரமபதத்தில் பாம்பு கடித்து இறங்கியவன் மறுபடி பகடை எடுப்பதில்லையா, அந்த மாதிரி. ஆனால் நாவலில்? 40-ம் பக்கத்தில் கதாநாயகன் ஒரு ஓட்டைக்குள் தலையை விட்டுச் செத்துப்போனால் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான். சாக விடாமல் எழுத்தாளர் காப்பாற்றினால் பொறிக்குப் பயமே இல்லாமல் போய்விடும். ஆட்டத்தில் சுவாரசியத்தின் மொத்தக் காரணமும் எதுவோ, அதுவே காகிதத்தில் கழுத்தை நெரிக்கிறது.

ஆனாலும் 2002-ல் அதே பெயரில் ஒரு நாவல் வந்தது. 1999-லிருந்து 2002 வரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் பழைய மாட்யூல்களின் பெயர்களை வைத்து ஒரு நாவல் வரிசையே போட்டது. அதில் உருப்படியானது எது என்று பார்த்தால் விஷயம் புரியும். 'வைட் ப்ளூம் மவுண்டன்' என்பது லாரன்ஸ் ஷிக் எழுதிய 1979 மாட்யூல். திருடுபோன மூன்று மந்திர ஆயுதங்களை ஒரு எரிமலைக்குள் போய் மீட்க வேண்டும். 1999-ல் பால் கிட் இதை நாவலாக்கினார். படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது அந்த ஆயுதங்களா? இல்லை. வாய் ஓயாத எஸ்கல்லா என்ற குட்டித் தேவதையும், செத்து வெறும் தோலாகி ஒருவன் முதுகில் தொங்கிக்கொண்டே எதையாவது கொளுத்தத் துடிக்கும் ஒரு நரக நாயும்தான். இரண்டுமே மாட்யூலில் கிடையாது. எழுத்தாளர் கைக்காசு போட்டுக் கொண்டுவந்த சரக்கு அது. கடையின் பெயர்ப்பலகை மட்டும் பழசு.

டிராகன்லான்ஸ் சொல்லும் பாடம்

இப்போது ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். "அப்போ டிராகன்லான்ஸ்?"

நல்ல கேள்வி. டி.எஸ்.ஆர். நிறுவனம் 1984-லிருந்து 1986 வரை 14 எண்கள் கொண்ட மாட்யூல் வரிசையாக டிராகன்லான்ஸை வெளியிட்டது. கூடவே மார்கரெட் வைஸ், ட்ரேசி ஹிக்மன் இருவரும் மூன்று நாவல்கள் எழுதினார்கள். 1984-ல் வந்த முதல் நாவல் 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்விலைட்' முதல் இரண்டு மாட்யூல்களை ஒட்டியே போகிறது. அது தெரியவும் தெரிகிறது. விடுதியில் கூடும் கூட்டம், ஆளுக்கொரு சண்டை, ஒரு பாழடைந்த நகரம், அங்கே ஒரு டிராகன், பிறகு ஒரு கோட்டை, அங்கே இன்னொரு டிராகன். பல இடங்களில் பகடை உருளும் சத்தமே கேட்கும்.

இரண்டாவது நாவலில் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்றாவது, நான்காவது மாட்யூல்களில் வரும் சம்மட்டி தேடும் படலத்தை மொத்தமாகத் தாண்டிக் குதித்தார்கள். அது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கதையைத் தொடங்கினார்கள். (விட்டுப்போன அந்தப் பகுதி தனி நாவலாக வந்தது 2006-ல்தான்!) கையைக் கட்டியிருந்த கயிறு அறுந்ததும் எழுத்து நிமிர்ந்தது. கோட்டைச் சுவரில் தனியாக நின்று சாகும் ஸ்டர்ம் என்ற வீரனின் காட்சி அந்த இரண்டாவது புத்தகத்தில்தான் வருகிறது. 1986-ல் வந்த 'லெஜெண்ட்ஸ்' மூன்று நாவல்களுக்கோ அடிப்படையாக மாட்யூலே இல்லை. ரெய்ஸ்ட்லின், கேரமன் என்ற இரட்டைச் சகோதரர்கள், ஒருவனுடைய பேராசை, இன்னொருவனுடைய பாசம். டிராகன்லான்ஸிலேயே சிறந்தது எது என்று கேட்டால் ரசிகர்களில் பெரும்பாலானோர் கை நீட்டுவது இந்த மூன்றைத்தான். மாட்யூலை விட்டு எவ்வளவு தூரம் விலகினார்களோ அவ்வளவு நன்றாக எழுதினார்கள்.

அதற்காக மேசைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அர்த்தமில்லை. ரெய்ஸ்ட்லினின் அந்தக் கரகரத்த ரகசியக் குரல் எங்கிருந்து வந்தது? ஆரம்பக் கால ஆட்டம் ஒன்றில் டெர்ரி ஃபிலிப்ஸ் என்ற நண்பர் அந்த வேடத்தை எடுத்துக்கொண்டு அப்படிப் பேசிக் காட்டினார். மாட்யூலின் எந்த அறையிலும் அது எழுதப்படவில்லை. ஒரு மனிதன் அந்த நிமிஷத்தில் எடுத்த முடிவு. நாவலுக்குள் எடுத்துப் போக வேண்டியது இதைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாவலோடு கைகோத்ததில் ஆட்டமும் அடிபட்டது. முக்கியமான கதாபாத்திரங்கள் பின்னால் தேவை என்பதால் அவர்களை நிஜமாகச் சாகடிக்காமல் எப்படியாவது திரும்பக் கொண்டுவர அந்த மாட்யூல்களில் தனி விதியே வைத்தார்கள். சாகவே முடியாத ஆட்டத்தில் ஆட்டக்காரனுக்கு என்ன வேலை? மற்றவர் எழுதி முடித்த நாடகத்தில் வேஷம் கட்டி நிற்பதுதான். நாவலும் அரைகுறை, ஆட்டமும் அரைகுறை.

"நடந்ததுக்கு உண்மையா இருக்க வேணாமா?"

இது அடுத்த வாதம். நண்பர்கள் சேர்ந்து ஆடியதை மாற்றினால் அவர்களுக்குத் துரோகம் இல்லையா?

நடந்தது நடந்தபடியே வேண்டும் என்றால் அதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரர்கள் 1986-லேயே செய்தார்கள். குரூப் எஸ்.என்.இ. என்ற குழுவினர் ஆடிய ஆட்டத்தை, யார் என்ன சொன்னார்கள் என்ற உரையாடலோடு 'காம்ப்டிக்' பத்திரிகையில் 'ரீப்ளே' என்று தொடராகப் போட்டார்கள். 'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' பிறந்தது அப்படித்தான். அதில் டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணாக ஆடியவர் ஹிரோஷி யமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். டன்ஜன் மாஸ்டராக இருந்த ரியோ மிசுனோ 1988-ல் நாவல் எழுதியபோது அது தனிப் படைப்பாக வந்தது. பதிவு வேறு, நாவல் வேறு என்று பிரித்து இரண்டையும் தனித்தனியாக விற்றார்கள். யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

இன்று அந்தக் கஷ்டம்கூட வேண்டாம். 'கிரிட்டிகல் ரோல்' குழுவின் முதல் ஆட்டம் 2015-லிருந்து 2017 வரை 115 பகுதிகளாக நேரடியாக ஒளிபரப்பானது. ஆடியதை ஆடியபடி பார்க்க விரும்புகிறவர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். கிரிக்கெட் மேட்ச் மொத்தமும் வீடியோவில் கிடைக்கும்போது, ஸ்கோர்போர்டை 400 பக்கத்துக்கு எழுதி நாவல் என்று நீட்டினால் யார் வாங்குவார்கள்?

துரோகம் செய்தவர்கள் ஜெயித்தார்கள்

ரேமண்ட் ஃபைஸ்ட் 1982-ல் எழுதிய 'மஜிஷியன்' நாவலின் மிட்கெமியா உலகம், கலிஃபோர்னியாவில் அவருடைய கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஆடுவதற்காக உருவாக்கியது. ஆனால் ஃபைஸ்ட் ஆட்டத்தில் நடந்ததை எழுதவில்லை. ஆட்டம் நடக்கும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் போய், அந்த உலகம் எப்படி அப்படி ஆனது என்பதை எழுதினார்.

ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸல்மான்ட்டும் 1980-களில் ஆடிய ஆட்டத்திலிருந்து பிறந்தது 'மலாசன்' உலகம். அதன் முதல் நாவல் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' வந்தது 1999-ல். இருவருமே தொல்லியல் படித்தவர்கள். அவர்களுடைய நாவல்களில் அறை எண்கள் கிடையாது. அழிந்த பேரரசுகளும் புதைந்த நகரங்களும் செத்த சிப்பாய்களுக்காக அழும் சக சிப்பாய்களும்தான்.

ஃபேன்டஸியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் 'தி எக்ஸ்பேன்ஸ்'. டை ஃப்ராங்க் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் பாதியில் விலகிக்கொள்ள, அவருடைய கதாபாத்திரத்தைச் சாகடிக்க வேண்டி வந்தது. டேனியல் ஆபிரகாமோடு சேர்ந்து எழுதிய 2011 நாவலிலும் அந்த மரணம் உண்டு. ஆட்டத்தில் அது ஆள் வராத பிரச்சினைக்குத் தீர்வு. நாவலில் அதுவே, இந்த உலகத்தில் யாரும் பத்திரமாக இல்லை என்று வாசகனுக்கு அடிக்கப்பட்ட எச்சரிக்கை மணி. நிகழ்ச்சி அதேதான், அர்த்தம் புதிது. இதற்குப் பெயர்தான் எழுத்து.

இந்த மூன்றையும் பார்த்தால், "விளையாட்டிலிருந்து வந்ததெல்லாம் இலக்கியமா?" என்று மூக்கைச் சுளிக்கும் கும்பலுக்கும் பதில் கிடைத்துவிடும். விதை எங்கே கிடைத்தது என்பது பிரச்சினையே இல்லை. விதையை மண்ணில் போடாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி விற்பதுதான் பிரச்சினை.

கல்லாப்பெட்டி கணக்கு

இவ்வளவு தெரிந்தும் ஏன் 'அப்படியே' நாவல்கள் வந்துகொண்டே இருந்தன? வணிகவியலில் இதற்கு 'குட்வில்' என்று பெயர். பழைய பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. விளம்பரமே இல்லாமல் முதல் ஆயிரம் பேர் வாங்குவார்கள். ஆட்டம் நாவலை விற்கும், நாவல் ஆட்டத்தை விற்கும். கணக்கு சரிதான். ஆனால் குட்வில்லும் தேயும் சொத்து. ஒவ்வொரு மொக்கை நாவலும் அந்தப் பெயரிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. அது எந்த ஆண்டறிக்கையிலும் செலவாக வராது.

அந்த இழப்பைச் சுமப்பது எழுத்தாளர். பெயர் நிறுவனத்துடையது. 2020 அக்டோபரில் வைஸும் ஹிக்மனும் விசார்ட்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் போட்ட புதிய டிராகன்லான்ஸ் நாவல்களை நிறுவனம் பாதியில் நிறுத்திவிட்டது என்பது புகார். டிசம்பரில் அவர்களே வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2022-ல் 'டிராகன்ஸ் ஆஃப் டிசீட்' வெளிவந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். அந்த உலகத்துக்கு உயிர் கொடுத்த இருவர், 36 வருஷம் கழித்தும் தங்கள் கதாபாத்திரங்களைப் பற்றி எழுத இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ரெய்ஸ்ட்லினை வாசகன் தேடுவது அவன் யார் என்பதற்காக. நிறுவனத்தின் ஏட்டில் அவன் ஒரு சொத்து எண்.

ஆகவே, நடுராத்திரியில் "அப்படியே எழுதினா" என்று ஆரம்பிக்கும் அந்த நண்பருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். வரைபடத்தைக் கிழித்துப் போடட்டும். ஐந்து பேருக்கும் சம பங்கு தர வேண்டும் என்ற மரியாதையை மறக்கட்டும். மேசையில் அது நியாயம், நாவலில் அது நெரிசல். 20 விழுந்ததால் ஜெயித்தான் என்பதை அடித்துவிட்டு, எதற்காக ஜெயிக்க நினைத்தான் என்பதை எழுதட்டும். மொத்த ஆட்டத்தில், யாருமே எதிர்பார்க்காத ஒன்றை ஒருவர் செய்து, மேசை சட்டென்று அமைதியான ஒரு நிமிஷம் கட்டாயம் இருந்திருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரட்டும்.

அப்படி ஒரு நிமிஷம் இல்லவே இல்லை என்றால்? ஒன்றும் மோசமில்லை. அடுத்த வாரம் மறுபடி ஆடலாம். ஆடுவதற்குத்தானே அந்த ஆட்டம்!