அறிந்துகொள்வோம்: பனிக்கடலின் தரையிலே



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் உலகப் படத்தை மாட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். படத்தின் அடியில் வெள்ளையாகக் கிடந்த தென் துருவத்தைக் காட்டி ஒரு மாணவி கேட்டாள்: "சார், அந்த ஐஸுக்குக் கீழே கடலில் என்ன இருக்கும்?"

"அந்தக் குளிரில் என்னம்மா இருக்கும்? இருட்டும் சேறும்தான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அது தவறான பதில். பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடல்நீரின் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே ஏறக்குறைய 1.8 டிகிரி வரை போகும். உப்பு நீர் என்பதால்தான் உறையாமல் இருக்கிறது. அந்தக் கடலின் தரையில் மட்டும் 4,000-க்கும் அதிகமான உயிர் வகைகளை அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். ஆள் உயரம் வளரும் கண்ணாடிக் கடற்பஞ்சுகள், காலை விரித்தால் ஒரு முழத்துக்கும் மேலே போகும் கடற்சிலந்திகள், இரத்தத்தில் சிவப்பே இல்லாத பனிமீன்கள்!

2025 ஜனவரியில், சிங்கப்பூரில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள ஒரு பனிப்பாறை அங்கே உடைந்து விலகியது. பக்கத்தில் இருந்த ஆராய்ச்சிக் கப்பல் உடனே அங்கு சென்று, பனி மூடியிருந்த இடத்தில் கருவியை இறக்கிப் பார்த்தது. பவளங்களும் கடற்பஞ்சுகளும் ஆக்டோபஸும் அந்த இருட்டில் வாழ்ந்துகொண்டிருந்தன.

இத்தனை வகைகள் எப்படி வந்தன? அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டம் ஒரு வேலி போல நிற்கிறது. ஓட்டை நொறுக்கித் தின்னும் நண்டும் சுறாவும் அங்கே மிக அரிது. அதனால் மெதுவாக வளரும் மென்மையான உயிர்களும் பிழைத்திருக்கின்றன.

இன்னொரு காரணம் விந்தையானது. மிதந்து வரும் பனிமலைகளின் அடிப்பாகம் கடல் தரையை உழுது செல்கிறது. அகப்பட்டதெல்லாம் நசுங்கிப்போகும். நம் தோட்டத்தில் மறுநடவுக்குப் புல்டோசர் விட்டுத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதலில் வெறும் மண். பிறகு லாலான், தொட்டாற்சிணுங்கி. அடுத்த பகுதியில் இளங்கன்று. அதற்கப்பால் முதிர்ந்த மரம். கடல் தரையும் அப்படித்தான். வெவ்வேறு காலத்தில் உழப்பட்ட பகுதிகளில் வெவ்வேறு உயிர்கள் குடியேறுகின்றன.

மறுவாரம் வகுப்பில் இதையெல்லாம் திருத்திச் சொன்னேன். அதே பெண் எழுந்தாள். "அடிக்கடி உழுதால் என்ன ஆகும் சார்?"

சரியான கேள்வி. ரோத்தெரா என்னும் பிரிட்டிஷ் நிலையத்தின் அருகே, கடல் தரையில் சிமெண்டுக் கட்டிகளை வரிசையாக வைத்து, எத்தனை நொறுங்கின என்று முக்குளிப்பவர்கள் ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் கடல் நெடுநாள் உறைந்திருந்தால் பனிமலைகள் அசையாமல் நிற்கும். உறையும் நாள் குறைந்தால் அதிகமாக உழும். 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது. உலகம் சூடேறி உறைபனி குறைந்தால், மெதுவாக வளரும் உயிர்களுக்கு மறுபடி தழைக்க அவகாசம் இராது. வருடந்தோறும் தள்ளிக்கொண்டே இருந்தால் எந்தக் கன்று மரமாகும்?

பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அன்று வகுப்பில் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்.