வேகம் ஹராமா?

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்தில், தேசிய கார் பந்தயத்தின்போது கே.இ. குமார் உயிரிழந்தார். வயது 59. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆயுள் உறுப்பினர். நீண்ட அனுபவமுள்ள ஓட்டுநர். மற்றொரு காருடன் மோதிய அவரது கார் தடம் விலகி, வேலியில் இடித்துக் கவிழ்ந்தது.

இத்தகைய மரணங்களைக் கேட்டதும் வேகமே ஹராம் என ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு. அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். பயிற்றுவித்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நெடுந்தொலைவு. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவு. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். விரைவு அங்கே தடுக்கப்படவில்லை. யாருக்கு எவ்வளவு என அளக்கப்பட்டது.

குமார் ஓடிய களத்திலும் அளவு இருந்தது. விபத்து நேர்ந்ததும் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினர். சில நிமிடங்களில் அவரை வெளியே எடுத்தனர். அன்றைய எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. அத்தனையும் இருந்தும் உயிர் தங்கவில்லை. எனினும், அவர் அறிந்து ஏற்ற ஆபத்து அது. வழிப்போக்கர் எவர்மீதும் அதைச் சுமத்தவில்லை.

வண்டலூர் வெளிவட்டச் சாலையில் நள்ளிரவில் பைக்கை முறுக்கும் பிள்ளைக்குக் கொடி காட்டுபவர் எவர்? எதிரே வருபவர் இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் தொழிலாளி. அவர் இறந்தால் அது தவறுதலான கொலை. குடும்பத்தாருக்கு நட்டஈடு, இடைவிடாத இரண்டு மாத நோன்பு என்பது மார்க்கச் சட்டம். நீதிமன்ற அபராதத்தோடு அது தீராது. இதை எத்தனை ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம்? (அந்த ஜும்ஆவுக்கே நேரமாகிவிட்டதென ஜி.எஸ்.டி. சாலையில் பறப்போரும் உண்டு. தொழுகைக்கு ஓடி வராமல் நிதானமாக வருவதே நபிவழி.)

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, அதே களத்தில், பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் இறந்தார். இங்கே நம் மனம் இசைய மறுக்கிறது. மேற்சொன்ன இப்னு உமர் (ரழி) 14 வயதில் உஹதுக்கு வந்தபோது நபியவர்கள் திருப்பியனுப்பினார்கள்; 15 வயதில்தான் அகழ்ப்போருக்கு அனுமதித்தார்கள். ஆர்வம் குறைவென்பதால் அல்ல, வயது போதாதென்பதால்.

18 நிறையாத பிள்ளை வாகனமோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டென்கிறது 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம். பத்தாம் வகுப்புத் தேறினால் பைக் என வாக்களித்துவிட்ட தந்தையர், ஓட்டுநர் உரிமம் வரும்வரை சாவியைத் தம் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும்.