பென்னிகுக் கோட்டுக்கு எத்தனை பொத்தான்?

தை பிறந்தாப் போதும், நம்ம பக்கம் கார் கார் ஆக ஆட்கள் வந்திறங்குவாங்க. ஜனவரி 15 பென்னிகுக் பிறந்த நாள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் மாலை, போட்டோ, பொங்கல். அதுவரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். பெரியாத்துத் தண்ணிய நம்பித்தான் நானும் நாத்து நடுறேன். அந்த மனுஷன் படத்தை சாமி படத்தோட மாட்டி வச்சிருக்கிற வீடுகள் எங்க தெருவிலும் உண்டு.

எனக்குக் கோபம் இந்தப் பொத்தான் வேட்டை மேலதான். "பழைய மிலிட்டரி பொத்தான் இருக்காம்மா?"ன்னு வீடு வீடாக் கேக்குறாங்க. கிரீடம் போட்ட பித்தளை எதைக் காட்டினாலும் உடனே அது பென்னிகுக் கோட்டுப் பொத்தான் ஆயிடுது. வாட்ஸப்பில் சுத்துறதை எல்லாம் கூட்டினா, அவர் கோட்டுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பொத்தான் தச்சிருக்கணும்.

ஐயா, வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கிரீடத்தை ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. விக்டோரியா ராணி காலத்துக் கிரீடத்துக்குப் பெரும்பாலும் மேல் வளைவு நடுவில் பள்ளமா இறங்கியிருக்கும். 1901-இல் ராணி செத்த பிறகு வந்த ராஜாக்கள் கிரீடம் குடம் கவுத்த மாதிரி மேடா இருக்கும். குடியரசு ஆன பிறகு கிரீடமே கிடையாது, சிங்கம் வந்துடுச்சு. எழுத்து இருந்தா இன்னும் லேசு: வி.ஆர்.னா விக்டோரியா, ஜி.ஆர்.னா ஜார்ஜ். அணை வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிஞ்சது. அப்புறம் மேட்டுக் கிரீடப் பொத்தான் எப்படிங்க அந்த வேலையிடத்தில் விழுந்திருக்கும்?

அப்புறம் பின்பக்கம் திருப்புங்க. லண்டன், பர்மிங்காம்னு ஊர் பேரோட ஒரு ஆள் பேரும் இருக்கும். போன வருஷம் ஒரு தம்பி, "ஜே.ஆர்.காண்ட்னு ஒரு துரை இங்க இருந்தாராண்ணே?"ன்னு கேட்டார். காண்ட் துரையும் இல்ல, ஃபர்மின் துரையும் இல்ல. பொத்தான் அடிச்ச கம்பெனிக்காரங்க பேர் அது!

கிரீடம் இருந்தாலே பட்டாளம்னும் சொல்ல முடியாது. போலீஸ், தபால், வனத்துறை எல்லாம் உடுப்புப் போட்டவங்கதான். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்துச்சே, அந்த ரயில்காரங்களுக்கும் பொத்தான் இருந்துச்சு.

இப்ப என் வீட்டுக் கதை. எங்க சீயான் பர்மா சண்டைக்குப் போனவர். திரும்பி வந்தப்போ கொண்டுவந்த கோட்டைச் செல்லு அரிச்சுப் போச்சு. மிஞ்சினது நாலு பொத்தான். அப்பத்தா அதை வெத்திலைப் பெட்டிக்குள்ள வச்சிருந்துச்சு. நான் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருந்த நேரத்தில் ஒருத்தர் வந்து, "பாட்டி, இது பென்னிகுக்கோடது, உங்க வீட்டுக்காரருக்கு யாரோ கொடுத்திருப்பாங்க"ன்னு சொல்லி, ஐந்நூறு ரூபாயைக் கையில் திணிச்சு மூணை வாங்கிட்டுப் போயிட்டார். கிழவிக்கு அந்த ரூபாய் போனதும் வந்ததும் பெரிசில்ல. "அப்ப உங்க சீயானோடது இல்லையாடா?"ன்னு என்கிட்ட கேட்டுச்சு பாருங்க, அதுதான் இன்னும் எனக்கு ஆறல.

மிச்சம் இருந்த ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். மேட்டுக் கிரீடம். மூக்கு முகம் தெரியாம வழவழன்னு தேய்ஞ்சு கிடக்கு. அதிகாரிகள் பொத்தானுக்குத் தங்கமுலாம் இருக்கும். சிப்பாய்க்கு வெறும் பித்தளை, தினமும் பிராசோ போட்டுத் தேய்க்கணும். அந்தத் தேய்மானம்தான் ஒரு சிப்பாய் அதைப் போட்டிருந்தான்கிறதுக்குச் சாட்சி. வாங்கிட்டுப் போறவங்க என்ன பண்றீங்க? புளியும் எலுமிச்சையும் போட்டு விளக்கி, மிச்சம் இருக்கிற எழுத்தையும் அழிச்சு, பளபளன்னு போட்டோ போடுறீங்க.

அணை கட்டின காலத்துப் பள்ளக் கிரீடமே கிடைச்சாலும், அது ஏன் துரையோடதா மட்டும் இருக்கணும்? பெரியாத்துல வேலை செஞ்சது மெட்ராஸ் பயனியர்ஸ் பட்டாளத்தோட 1-ஆவது, 4-ஆவது பட்டாலியன். மண்வெட்டியும் துப்பாக்கியும் சேர்த்துத் தூக்கின பட்டாளம் அது. 1933-இல் அதையும் கலைச்சுட்டாங்க. நோயில் செத்து அணைக்குப் பக்கத்துலயே புதைஞ்சவங்க 483 பேர்னு கணக்கு இருக்கு. அதில் பத்துப் பேர் பேராவது உங்களால சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது. அவங்களில் ஒருத்தன் சட்டையிலிருந்து தெறிச்சு விழுந்ததா இருக்கக் கூடாதா? அதையும் பிடுங்கி துரை கோட்டிலேயே தைக்கணுமா?

பொத்தான் பார்க்கணும்னா வாங்க, காபி தர்றேன். ரெண்டு பக்கமும் படம் எடுத்துக்கோங்க. யார் வீடு, எந்தத் தோட்டம், எவ்வளவு ஆழத்தில் கிடைச்சதுன்னு கேட்டு எழுதிக்கோங்க. வீட்டுல பெரியவங்க சொல்ற பேரையும் எழுதுங்க. பொத்தானை அங்கேயே விட்டுட்டுப் போங்க.

அந்த மூணையும் வாங்கிட்டுப் போனவர் இதைப் படிச்சா, திருப்பிக் கொண்டாந்து குடுத்துடுங்க. ஐந்நூறு ரூபாய் அப்படியே இருக்கு. அப்பத்தா அதைத் தொடவே இல்ல.